வலிக்காத பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கைவேலையைப் பற்றித்தான். சட்டத்தைச் சூடாக்கும்போது வெடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும், திருகாணி வழுக்கினால் எப்படி எடுப்பது என்று கேட்கிறீர்கள். அதையெல்லாம் உங்கள் விரல்களே கற்றுக்கொள்ளும். நான் எழுத உட்கார்ந்தது நம் தொழிலில் ஆகச் சின்னது என்று எல்லாரும் நினைக்கிற ஒரு வேலையைப் பற்றி. காதுக்குப் பின்னால் வளைகிற கம்பியின் ரப்பர் உறை தேய்ந்துபோனால் மாற்றிக் கொடுக்கிறோமே, அந்த வேலை. சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த மிகக் கடினமான நாள் அந்த வேலையைச் செய்த ஒரு நாள்தான்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முந்திய காலம். ஜொகூர் பாருவில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை. முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்று கூப்பிடுவோம். கண்ணைச் சோதிப்பது அவர். கண்ணாடி தேய்ப்பது அவருடைய தம்பி. கடையில் ஒரு பெண் வேண்டும் என்று தவுக்கேக்குத் தோன்றியதே காதால்தான். மலாய்க்காரப் பெண்களும் நம் தமிழ் வீட்டுப் பெண்களும் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சம்மதிப்பார்கள். ஆனால் ஓர் ஆண் கூந்தலை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் கை வைப்பதை ஒப்ப மாட்டார்கள். கம்பி சரியாக வளையாவிட்டால் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கும். அது இறங்கினால் தவுக்கேயின் பெயரும் இறங்கும். கான்வென்ட்டில் கொஞ்சம் படித்து, மலாயும் ஆங்கிலமும் பேசத் தெரிந்த என்னை அப்பா தயங்கித் தயங்கித்தான் அங்கே அனுப்பினார்.

அந்தக் காலத்துக் கண்ணாடியின் கம்பி காதைச் சுற்றிக் கொக்கி போல இறங்கும். மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்திருப்பார்கள். அதன்மேல் ரப்பர் உறை. நம் ஊர் வியர்வைக்கும், அதைவிடத் தலையில் தேய்க்கிற தேங்காய் எண்ணெய்க்கும் அந்த ரப்பர் தாக்குப்பிடிக்காது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு பிளக்கும், கடைசியில் உள்ளே இருக்கிற கம்பி வெளியே தலைநீட்டும். ஊரைவிட்டு எந்தப் பக்கம் போனாலும் ரப்பர் மரம்தான். உறை மட்டும் சீமையிலிருந்து கப்பலில், தகர டப்பாவில் வந்து இறங்கும். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் தவுக்கே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

சிவகாமி அக்கா ரயில்வே ஊழியர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்; அவர் வீட்டார் பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். கணவர் கோபாலுக்கு நிலையத்தில் சிக்னல் வேலை. ராஜம் என்று ஒரு குழந்தை. அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தது. அக்கா தையல்காரர். அந்த வட்டாரத்துத் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் அவர் தைத்த ரவிக்கையைத்தான் போட்டார்கள். நானும்தான்.

ஒரு காலை நேரம் கடைக்கு வந்தார். கடையில் கூட்டம். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இந்த இடது காதுல உறுத்திக்கிட்டே இருக்கு. குனிஞ்சு தைக்கவே முடியல. அந்தப் பக்க ரப்பர மட்டும் மாத்திக் குடு. வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். இடது உறை இறுகிப்போய் லேசாக வெடித்திருந்தது, அவ்வளவுதான். வலது உறையில் பாதியைக் காணோம். கம்பியின் இழைகள் பிரிந்து முள் போல நின்றன. அதில் கறுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. எண்ணெய் அழுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வலது பக்கக் கூந்தலை ஒதுக்கினேன். காதின் அடியில் தோல் அறுந்து, விரல் நகம் பதியும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். உள்ளே ஈரமான பச்சைப் புண்.

"அக்கா, இங்க புண்ணா இருக்கே."

"அங்கயா? ஒண்ணும் இல்லையே. எண்ணெப் பிசுக்கா இருக்கும். தொடச்சு விடு."

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்தேன். "எரியும் அக்கா" என்றேன். அவர் அதற்குள் ஒரு கல்யாண வீட்டு ரவிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். கைப் பகுதி இறுக்கமாக இருக்கிறது என்று பெண்ணின் அம்மா பிரிக்கச் சொன்னாளாம். பிரித்துத் தைத்தால் இப்போது தொளதொள என்கிறாளாம். பஞ்சைப் புண்ணின்மேல் வைத்தேன். பேச்சு நிற்கவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். அந்தப் பெண்ணின் அம்மாவைப் போலவே பேசிக் காட்டி அக்கா சிரித்தார். இடது காதுக்குப் பின்னால், வெறுமனே சிவந்திருந்த இடத்தில், அதே பஞ்சால் தொட்டேன்.

"ஸ்ஸ்! மெதுவா தங்கச்சி" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவரின் நினைவு வந்தது. அவர் காலில் ஆணி ஏறியதை வேறு யாரோ சொல்லித்தான் அவரே பார்த்தார் என்று முதலில் ஊரில் பேசிக்கொண்டார்கள். பிறகு சுகாதார ஆட்கள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். அவருடைய பாயும் துணிகளும் வாசலிலேயே எரிந்தன. அந்த வீட்டு வழியாக நடக்க வேண்டாம் என்று அம்மா எங்களைச் சுற்றுவழியில் அனுப்பினாள். பெருவியாதிக்காரர்களை, அதாவது தொழுநோயாளிகளை, வீட்டில் வைத்திருக்க அப்போது சட்டம் இடம் கொடுக்கவில்லை. தூரத்தில் அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பு இருந்தது.

கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது உங்களுக்குச் சொல்கிறபடி அன்று நிதானமாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். எல்லாம் ஒரே சமயத்தில் வந்து மோதின. நான் நினைப்பது தவறாக இருக்கலாம். நான் மருத்துவர் இல்லை. சரியாக இருந்தால், இந்த இடத்தில் என் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் போதும், அக்கா தைத்த துணிகளெல்லாம் ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்து எரியும். பேசாமல் வேலையை முடித்து அனுப்பலாம்தான். ஆனால் என்னைக் கலக்கியது அந்த வழிதான். இரண்டு பக்கமும் மெத்தென்று புது உறை போட்டுவிட்டால் கம்பி குத்தாது. புண் ஆறிவிடும். வெளியே தெரிகிற அடையாளத்தை என்னுடைய நல்ல வேலையே மூடிவிடும். வேறோர் அடையாளம் வரும்வரை அக்காவுக்கு எதுவும் தெரியாது. அது எந்த வடிவத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

"ரெண்டு பக்கமும் மாத்தணும் அக்கா. உள்ள வாங்க, ஜன்னல்கிட்ட வெளிச்சம் நல்லா இருக்கும்" என்று பின்னறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே அப்போது யாரும் இல்லை. முதலில் இரண்டு உறைகளையும் மாற்றினேன். என்ன ஆனாலும் கண்ணாடி இல்லாமல் அவரால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. அதை முடித்த பிறகுதான் பேசினேன்.

"அக்கா, வலது பக்கத்துல கம்பி தோல அறுத்திருக்கு. பச்சப் புண்ணு. அதுமேல ஸ்பிரிட் வச்சேன். உங்களுக்குத் தெரியல."

"பேசிக்கிட்டு இருந்தேன்ல, கவனிச்சிருக்க மாட்டேன்."

"இடது பக்கம் லேசாத் தொட்டதுக்கே கத்துனீங்க."

அவர் கை மெதுவாக வலது காதுக்குப் போயிற்று. நகத்தால் அழுத்திப் பார்த்தார். இன்னும் அழுத்தினார். விரலை எடுத்துப் பார்த்தபோது அதில் ரத்தம் இருந்தது.

"என்ன சொல்ல வர்ற நீ?"

"பேரு வைக்க எனக்குத் தெரியாது அக்கா. வலிக்க வேண்டிய இடம் வலிக்கல. நான் பார்த்தது அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிடுங்க."

"கண்ணாடியக் குடு" என்றார். வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், கடை வழியாக இறங்கிப் போய்விட்டார்.

கழற்றிய பழைய உறைகளை ஒரு காகிதத்தில் மடித்துத் தனியே வைத்தேன். கருவிகளைக் கொதிக்க வைத்தேன். நாற்காலியைத் துடைத்தேன். கார்பாலிக் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்தேன், மறுபடியும் தேய்த்தேன். வீட்டில் சோற்றில் கை வைக்க முடியவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் கோபால் அண்ணன் வந்தார். ரயில்வே சீருடையோடு, தொப்பியைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு படியேறும்போதே குரல் உயர்ந்திருந்தது.

"எங்க அந்தப் பொண்ணு? எம் பொண்டாட்டி நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு தின்னல. புள்ள அழுவுது, தொட மாட்டேங்குறா. என்னத்தச் சொல்லி அனுப்புன நீ?"

கடையில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி அதே ரயில்வே லைனில் இருப்பவள். அவள் கையிலிருந்த கண்ணாடியை வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். தவுக்கேயும் தலையைத் தூக்கினார். இன்னும் ஒரு வாக்கியம் அண்ணன் பேசினால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

"ரப்பர் சரியா உக்காரலயாண்ணே? அதுக்கா இவ்வளவு கோவம்?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"ரப்பரா?"

"ரப்பர்தாண்ணே. நேத்தே எனக்குச் சந்தேகம். உள்ள வாங்க, காட்டுறேன்."

என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனை வருஷமாகக் கொடியாலும் விளக்காலுமே பேசிப் பழகிய மனிதர். புரிந்துகொண்டார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

உள்ளே அந்தக் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். "இது இடது, இது வலது. அக்கா எந்தப் பக்கம் வலிக்குதுன்னு வந்தாங்க தெரியுமாண்ணே? இடது."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கேயோ போய்விட்டது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன மாசம் சோத்துப் பானைய வெறுங்கையால எறக்குனா. கை கொப்புளமாப் போச்சு. 'சூடே தெரியலைங்க'ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன்."

காகிதத்தை மறுபடி மடித்தேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, திருப்பி அனுப்புவாங்களா?"

அனுப்புவார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட விதம் அப்படி. "தெரியலண்ணே" என்றேன்.

"நீ கூட வர்றியா? டாக்டர் பேசுறது எங்களுக்குப் புரியாது. அவளும் உன்னத்தான் கேட்டா."

அவர் போன பிறகு தவுக்கே உள்ளே வந்தார். "ஆப்பா ஹால்?" என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். நாளை பாதி நாள் விடுப்பு வேண்டும் என்றேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். அன்றைக்கும் கருவிகளை அதில் போட்டிருந்தேன். என் கையைப் பார்த்தார். தோல் சுருங்கி வெளுத்திருந்தது.

"நான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா?"

அது அவருடைய கடை, அவருடைய நாற்காலி. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. "கடைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், தவுக்கே. மற்றது அந்த அம்மாவின் சொந்த விஷயம்" என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். "சரி, போய் வா" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் அதைக் கேட்கவில்லை. ஆனால் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது என் மேசைக்குப் பக்கத்தில் புதுக் கிண்ணமும் புதுச் சோப்பும் இருந்தன.

மருத்துவமனையில் டாக்டர் வெள்ளைக்காரர்; பொறுமைசாலி. அக்காவைக் கண்ணை மூடச் சொன்னார். இறகால் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். நெற்றியில் தொட்டார், அக்கா காட்டினார். இடது கையில் தொட்டார், காட்டினார். பிறகு வலது காதுக்குப் பின்னால் தொட்டார். கழுத்தில் தொட்டார். வலது முன்கையில் இரண்டு இடங்களில் தொட்டார். அக்கா கண்ணை மூடியபடி, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏன் தங்கச்சி, நிறுத்திட்டாரா?" என்று கேட்டார்.

கோபால் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். நோயின் பெயரைச் சொன்னார். சட்டப்படி வீட்டில் இருக்க முடியாது, வடக்கே இருக்கிற குடியிருப்புக்குப் போக வேண்டும் என்றார். ஆரம்பத்திலேயே வந்திருக்கிறார்கள், நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடுவார்கள், நோய் நின்று வீடு திரும்பியவர்களும் உண்டு, ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பக்கத்திலிருந்த உதவியாளர் தமிழர். அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைத் தூக்கித் தடுத்தார்.

"அவரு சொல்ல வேணாம். நீ சொல்லு."

நான் உடனே சொல்லவில்லை. குழந்தையைப் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். வெளியே வராந்தாவில் ஆயாவிடம் விட்டிருந்த ராஜத்தைத் தூக்கி வந்தார்கள். டாக்டர் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். இறகு பட்ட இடமெல்லாம் குழந்தை நெளிந்து சிரித்தது. ஒன்றும் இல்லை என்றார். அதன் பிறகுதான் அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"ராஜத்துக்கு ஒண்ணும் இல்லக்கா. டாக்டர் நல்லாப் பார்த்துட்டார்" என்று தொடங்கினேன். பிறகு நோயின் பெயரைச் சொன்னேன். பிறகு போக வேண்டியதைச் சொன்னேன். கடைசியில், திரும்பி வருகிறவர்கள் உண்டு என்பதையும், வாக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். டாக்டர் சொன்ன வரிசை வேறு. ஆனால் பிள்ளையைப் பற்றிய பயம் தொண்டையில் இருக்கும்போது ஒரு தாயின் காதில் வேறு எதுவும் ஏறாது என்று எனக்குப் பட்டது.

அக்கா அழவில்லை. அழுதது அண்ணன்தான். அக்கா முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைக்கப் போனவர், கையை நிறுத்திக்கொண்டார். பிறகு என்னிடம், "தையல் மிஷினக் கொண்டுபோலாமான்னு கேளு" என்றார். கொண்டுபோகலாம் என்றார் டாக்டர்.

அக்கா வடக்கே போகிற ரயிலில் ஏறினார். அதே ரயிலில் பினாங்கு போய்க் கப்பல் பிடித்துத்தான் நம் ஆட்கள் இந்தியாவுக்குப் போவார்கள். ஆகவே சிவகாமி ஊருக்கு, அம்மாவைப் பார்க்கப் போகிறாள் என்று அண்ணன் லைனில் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள். "உங்கிட்டத்தானே கடைசியா கண்ணாடி சரி பண்ணிட்டுப் போனா, எப்ப வருவாளாம்?" என்பார்கள். ரவிக்கைக்கு வேறு ஆள் தேடி அலுத்துப்போய் என் அம்மாவே கேட்டாள். அன்று பாதி நாள் விடுப்பில் எங்கே போனாய் என்றும் கேட்டாள். சொன்னால் மனம் லேசாகும் என்று தோன்றிய நாட்கள் பல. அம்மாவிடம் சொன்னால் அக்கம்பக்கத்துக்கும் போகும். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று நான் அறிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. முகம் பார்க்கிற கண்ணாடியிலும் தெரியாது. கட்டிய மனைவியோ கணவனோகூடக் கூந்தலை ஒதுக்கிப் பார்ப்பதில்லை. நாம் பார்க்கிறோம். ஆகவே பழைய உறையைக் கழற்றியவுடன் குப்பைத் தொட்டியில் வீசாதீர்கள். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, ஏன் என்று ஒரு கணம் பாருங்கள். வாடிக்கையாளர் குறை சொல்லாத பக்கத்தையும் பாருங்கள். எதையாவது கண்டால், கண்டதை மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பெயர் வைப்பது வேறொருவருடைய வேலை. யாருடைய காதோ அவரிடம் சொல்லுங்கள். அவர் கூட வரச் சொன்னால் போங்கள்.

போருக்கு முந்திய கடைசி ஆண்டுகளில் ஒரு மாலை, மெலிந்த ஓர் அம்மா கடைக்கு வந்தார். முன்தலை நரைத்திருந்தது. தூரத்துப் பார்வைக்கு ஒரு கண்ணாடி வேண்டும் என்றார். குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பின்னறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

"அங்க போன புதுசுல தெனமும் உன்னத் திட்டினேன் தங்கச்சி. நீ பேசாம ரப்பர மாத்தி அனுப்பியிருக்கக் கூடாதான்னு. நோய் முத்துனப்புறம் வந்தவங்க கையையும் காலையும் பார்த்தப்புறம் நிறுத்திட்டேன்."

இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்திருந்தார். பத்து விரலும் இருந்தன.

"அதச் சொல்ல வரல இப்போ. வந்து ஒரு வாரம் ஆச்சு. லைன்ல ஒவ்வொருத்தரா வர்றாங்க. இந்தியால மழை பெய்யுதா, துணி என்ன வெலன்னு கேக்குறாங்க. பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கிறாங்க. ஒருத்தர் மூஞ்சிலயும் வேற ஒண்ணும் இல்ல. அதான் வந்தேன்."

கண்ணாடிச் சட்டத்தை எடுத்து அவர் முகத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போது திரையை விலக்கிக்கொண்டு ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சட்டை, எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை.

"வா ராஜம்" என்றார் அக்கா. அவள் உள்ளே வந்தாள். ஆனால் அம்மாவிடமிருந்து சற்றுத் தள்ளியே நின்றாள். புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"எங்கம்மா கப்பல்ல வந்தாங்க" என்று என்னிடம் சொன்னாள். "எனக்கு அவங்கள ஞாபகமே இல்ல. ஆனா அப்பா சொன்ன மாதிரிதான் இருக்காங்க. அக்கா, இந்தியா ரொம்ப தூரமா?"

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். நான் கூந்தலை ஒதுக்கிக் கம்பியைக் காதுக்குப் பின்னால் வளைத்தேன்.

"ரொம்ப தூரம் ராஜம்" என்றேன். "அங்கேருந்து எல்லாராலயும் திரும்பி வந்துட முடியாது."

சிறுமி இரண்டடி நகர்ந்து வந்து அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.